மூத்தவர் முதுகில் ஊசி: முதலில் ஸ்கேன், அப்புறம் குத்தல்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் மலேசியாவின் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தார்கள். சிலர் நினைவிழந்தார்கள், சிலர் இறந்தே போனார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் அப்போது நினைத்தார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோய் அடங்கவில்லை. கிந்தா வட்டாரத்துப் பன்றிகள் லாரியேறித் தெற்கே போக, நோயும் கூடவே நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகிலிருந்து எடுத்த தண்டுவட நீரில், அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். ஊர்ப் பெயரே வைரஸின் பெயரானது. நோய் ஓய்வதற்குள் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றிருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த ஒரு நாட்டைச் சரியான பக்கம் திருப்பியது முதுகில் ஊசி குத்தி எடுத்த சில மில்லிலிட்டர் நீர்.

பேராக்கில் தொடங்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. மூளைக்குள் கிருமி புகுந்திருக்கிறதா, புகுந்தது எந்தக் கிருமி என்று அறிய இன்றைக்கும் இந்த நீர்தான் முதல் சாட்சி. அதை எடுக்கும் முறை பெரிதாக மாறவில்லை. நோயாளியின் வயதுதான் மாறிக்கொண்டிருக்கிறது.

பேராக்கின் பாரிட் புந்தாரைப் போன்ற ஊர்களின் அவசரப் பிரிவுகளில், அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு முதுகில் நீர் எடுக்கும் முன்பு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்து இடத்தைப் பார்த்து, தோலில் குறி போட்டு, அதன் பிறகே குத்த வேண்டும். இதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் வழக்கமாகவே ஆக்க வேண்டும். அதற்கான காரணங்கள் மருத்துவ ஏடுகளில் வெளிப்படையாகவே கிடக்கின்றன.

ஜெர்மனியின் கீல் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் குவின்கே 1891இல் இந்த முறையை உலகுக்குச் சொன்னார். அதே ஆண்டு லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வால்டர் எசெக்ஸ் விண்டரும் முதுகிலிருந்து நீரை வெளியேற்றியிருந்தார். குவின்கேயின் பெயரிலான ஊசி இன்றும் ஆஸ்பத்திரி அலமாரிகளில் இருக்கிறது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வில்லாக வளைக்கச் சொல்வார்கள். இரு பக்க இடுப்பெலும்புகளின் உச்சியையும் இணைத்து மனத்துக்குள் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோடு முதுகெலும்பைக் கடக்கும் இடத்தை விரலால் தடவி, இரண்டு எலும்புகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தைக் கண்டுபிடித்து ஊசியைச் செலுத்துவார்கள். இருபத்தைந்து வயது இளைஞனின் ஒடிசலான முதுகில் இது பெரும்பாலும் சுலபமாகவே முடிந்துவிடும்.

பாரிட் புந்தார் இருக்கும் கிரியான் மாவட்டத்துப் பாட்டிகளின் முதுகு அப்படிப்பட்டதல்ல. குலா, களும்பாங் போன்ற தோட்டங்களில் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை என்று தலைமுறை தலைமுறையாகக் குனிந்து வேலை செய்த குடும்பங்கள் இங்கே உண்டு. விடியுமுன் பால்மரம் சீவப் போய், இரண்டு கையிலும் பால்வாளி சுமந்து, வீடு திரும்பியதும் குழந்தையையும் இடுப்பில் தூக்கியவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வற்றி இடைவெளி குறுகியிருக்கும். எலும்பு விளிம்புகளில் முளைகள் வளர்ந்திருக்கும். நடுவிலுள்ள தசைநார்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து அவை எலும்பு போலவே இறுகியிருக்கும். சிலருக்கு முதுகு பக்கவாட்டில் கோணியிருக்கும். இடுப்பிலும் முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால் வளைந்து படுங்கள் என்றால் வளைய முடியாது. நீரிழிவோடும் பருத்த உடலோடும் இருப்பவருக்கு, தடவுகிற விரலுக்கு எலும்பே தட்டுப்படாது.

இதற்கெல்லாம் மேலே, முதுகு நீர் தேவைப்படுகிற நேரத்தில் அந்த மூத்தவர் பெரும்பாலும் தன் நினைவில் இருக்க மாட்டார். உளறுவார், கையை உதறுவார், சொன்ன பேச்சு ஏறாது.

அவசரப் பிரிவில் இந்தச் சோதனைக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். முதியவர்களின் மூளை உறைக் காய்ச்சல் நேராக வந்து முகம் காட்டுவதில்லை. நெதர்லாந்தில் பெரியவர்களுக்கு வந்த 696 பாக்டீரிய மூளை உறைக் காய்ச்சல்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு மாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தது 44 விழுக்காட்டினருக்கு மட்டும்தான். முதுமையில் காய்ச்சல் ஏறாமலே போகலாம். கழுத்து விறைப்பாக இருந்தால் அது பழைய எலும்புத் தேய்மானமாகவும் இருக்கலாம். நினைவு தடுமாறினாலோ, வயதானால் இப்படித்தான் என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்கியது, உப்புச் சத்து குறைந்தது, பக்கவாதம் என்று பத்துக் காரணங்கள் வரிசையில் நிற்க, மூளை உறைக் காய்ச்சல் கடைசியாக நினைவுக்கு வருகிறது.

கிருமியின் பெயர் தெரிந்தால்தான் மருந்தையும் அதைத் தர வேண்டிய காலத்தையும் தீர்மானிக்க முடியும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு லிஸ்டீரியா என்ற கிருமியையும் கணக்கில் எடுத்து ஆம்பிசிலினையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் ஆண்டுக்கு 25,000க்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அது மூளை உறையைப் பிடித்தால் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஏறும், பார்ப்பதற்கு முதுமை மறதி போலவே இருக்கும். அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்க நாலைந்து சொட்டு நீர் போதாது, தாராளமாக ஓடிவர வேண்டும். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மூளை உறைக் காய்ச்சல் என்ற பலத்த சந்தேகம் வந்துவிட்டால், நீர் எடுப்பதற்காக முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்கைத் தாமதிக்கக் கூடாது. ஆனால் மருந்து உள்ளே போனபின் நேரம் ஆக ஆக நீரில் கிருமி வளர்வது குறையும். ஆகவே குத்துகிற வேலை தட்டுத் தடுமாறாமல் விரைவில் முடிய வேண்டும்.

தடுமாறினால் என்ன ஆகும்? ஊசி எலும்பில் இடிக்கும். வெளியே இழுத்துக் கோணத்தை மாற்றி மறுபடி குத்துவார்கள். வழியில் சிறு ரத்தக்குழாய் கிழிந்தால் நீரோடு ரத்தமும் கலந்து வரும். அந்த ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் கணக்கைக் குழப்பும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு வந்தவருக்கு, மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே நீரைத்தான் எடுக்கிறார்கள். தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். தோட்டத்து வீட்டில் ஓமவாட்டர் குடித்துவிட்டு மறுநாள் வருபவருக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது, முதுகு நீரை நம்ப வேண்டியிருக்கிறது. அதில் தெரியும் ரத்தம் மூளையிலிருந்து வந்ததா, ஊசி கிழித்ததால் வந்ததா என்ற சந்தேகம் எழுந்தால் அந்த நோயாளிக்கு மேலும் பல சோதனைகள் காத்திருக்கும்.

விரல் எவ்வளவு துல்லியம் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மருத்துவ உலகில் அடிக்கடி சுட்டப்படுகிறது. முதுகில் ஒரு குறியிட்டு, அது எத்தனையாவது எலும்பு இடைவெளி என்று அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணர்களைக் கேட்டார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். சரியாகச் சொன்னது 29 விழுக்காடு. 51 விழுக்காட்டில் அவர்கள் நினைத்ததைவிட ஓர் இடைவெளி மேலே இருந்தது குறி. நான்கு இடைவெளி வரைக்கும் தவறிய சந்தர்ப்பமும் உண்டு. அன்றாடம் முதுகில் ஊசி போடுகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ செய்கிற இளம் மருத்துவ அதிகாரியின் விரலை மட்டும் நம்புவது நியாயமில்லை. தண்டுவடம் பொதுவாக இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு அல்லது இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிகிறது. அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலோ நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலோ குத்துவதுதான் பாதுகாப்பு. மேலே போகப் போக அந்தப் பாதுகாப்பு தேய்கிறது.

கிணறு வெட்டும் முன் நீரோட்டம் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ஸ்கேன் செய்வதும் அதைத்தான். வயிற்றுக்குப் பயன்படுத்தும் அதே வளைந்த முனைக் கருவியை முதுகின் கீழ்ப்பகுதியில் வைத்தால், முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு நீளமான ஒரே வெள்ளைக் கோடாகத் தெரியும். அங்கிருந்து மேல்நோக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் எது எந்த இடைவெளி என்பதில் சந்தேகம் மிஞ்சாது. கருவியைக் குறுக்கே திருப்பினால் நடுக்கோடு எங்கே என்று தெரியும். முதுகு கோணலாக இருப்பவருக்கு இந்த ஒரு தகவலே பாதி வேலை. தோலிலிருந்து தண்டுவட உறை எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றும் திரையிலேயே அளக்கலாம். வழக்கமான 9 சென்டிமீட்டர் ஊசி எட்டுமா, நீண்ட ஊசி வேண்டுமா என்பது குத்துவதற்கு முன்பே தெரிந்துவிடும். நடுத் தசைநார் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால், பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் போக வழி திறந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் தோல் குறிப் பேனாவால் இரண்டு கோடு போட்டு, அவை வெட்டும் இடத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். குறி போட்டபின் நோயாளி அசையக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை, தோல் நகர்ந்தால் குறியும் நகர்ந்துவிடும்.

இது புது யோசனையும் அல்ல. சோவியத் நாட்டு மருத்துவர்கள் போகினும் ஸ்டூலினும் 1971லேயே முதுகு நீர் எடுக்க அல்ட்ராசவுண்ட் உதவுவதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அப்போது கருவி பெரிது, படம் மங்கல். இன்றைக்கு அவசரப் பிரிவில் தள்ளிக்கொண்டு போகிற வண்டியிலேயே நல்ல படம் கிடைக்கிறது. விபத்தில் வந்தவரின் வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா, மூச்சுத் திணறுபவரின் இதயம் எப்படி அடிக்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் கருவி. அதை இன்னொரு நோயாளியின் முதுகுப் பக்கம் திருப்புவதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பலன் இருக்கிறதா என்பதற்கும் கணக்கு உண்டு. 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,334 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. முதுகு நீர் எடுத்தவர்களும் முதுகில் மயக்க மருந்துக் குழாய் போட்டுக்கொண்டவர்களும் அதில் அடக்கம். ஸ்கேன் துணையோடு செய்த 624இல் தோற்றது 6. விரலை மட்டும் நம்பிச் செய்த 610இல் தோற்றது 44. ரத்தம் கலந்து வருவதும் பாதிக்குக் கீழே குறைந்திருந்தது. 2019இல் அவசர மருத்துவ ஏடு ஒன்றில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு முதுகு நீர் எடுப்பதை மட்டும் தனியே பார்த்தது. 12 ஆய்வுகள், 957 பேர். வெற்றி 81 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாக ஏறியது; ரத்தம் கலந்த மாதிரிகள் 26 விழுக்காட்டுச் சொச்சத்திலிருந்து 11க்குச் சற்றுக் கீழே இறங்கின. அமெரிக்க மருத்துவமனை மருத்துவர் சங்கமும் அதே ஆண்டு, பெரியவர்களுக்கு இடம் தேர்ந்தெடுக்க அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

எதிர்ச் சாட்சியும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. அமெரிக்க அவசரப் பிரிவு ஒன்றில் நோயாளிகளைப் பிரிக்காமல் எல்லாருக்கும் ஸ்கேன் வைத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. விரலைவிட ஸ்கேன் மேல் என்று அது காட்டவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எலும்பு கைக்கு நன்றாகத் தட்டுப்படுகிற இளையவருக்கு ஸ்கேன் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. தடவிப் பார்த்தும் தெரியாத முதுகில்தான் அதன் அருமை தெரிகிறது. கனடாவின் டொரோன்டோவில் 2011இல் பருமனானவர்கள், முதுகு கோணியவர்கள், முன்பே முதுகில் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரை மட்டும் தேர்ந்தெடுத்து, அறுவைக்கு முன் முதுகில் மயக்க ஊசி போடுவதை ஒப்பிட்டார்கள். முதல் குத்திலேயே வெற்றி பெற்றவர்கள் ஸ்கேன் பிரிவில் ஏறத்தாழ இரு மடங்கு. தென் கொரியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் செய்த ஆய்விலும் குத்துகளின் எண்ணிக்கை குறைந்தது. இரண்டுமே மயக்க ஊசிக்கான ஆய்வுகள்தான், ஆனால் ஊசி போகிற வழி அதேதான். ஆகவே எல்லாருக்கும் ஸ்கேன் என்று இங்கே வாதாடவில்லை. மூத்தவர்களுக்கு முதலிலேயே ஸ்கேன் என்பதுதான் கோரிக்கை. இப்போது பல இடங்களில் மூன்று நான்கு முறை குத்தித் தோற்றபின் கடைசிக் கையாக ஸ்கேனைத் தேடுகிறார்கள். அதற்குள் முதுகு வீங்கி, ரத்தம் கட்டி, நோயாளி பொறுமை இழந்திருப்பார்.

நேரம் வீணாகும் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. மேலே சொன்ன 2019 தொகுப்பாய்வில் ஸ்கேன் வைத்தவர்களுக்கு வேலை முடிய ஆன சராசரி நேரம் ஏழு நிமிடத்துக்கும் குறைவு. வைக்காதவர்களுக்கு எட்டு நிமிடத்தை நெருங்கியது. கருவியை நம்பினால் விரலின் திறன் மழுங்கிவிடும் என்று மூத்த மருத்துவர்கள் சிலர் கவலைப்படுவார்கள். தான் தடவிக் கணித்த இடம் சரியா என்று உடனே திரையில் பார்த்துக்கொள்கிற இளையவரின் விரல் கூர்மையாகத்தான் ஆகும். எலும்பு இறுகிய முதுகில் ஒலி அலையே உள்ளே போகாது, படம் தெரியாது என்பது மூன்றாவது மறுப்பு, இதில் உண்மை இருக்கிறது. அப்படி எந்த இடைவெளியிலும் வழி தெரியாவிட்டால், அதுவே பயனுள்ள செய்தி. அங்கே குத்திப் பார்த்துத் தொல்லை கொடுக்காமல், எக்ஸ்ரே துணையோடு செய்யக்கூடிய பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம்.

பாரிட் புந்தாரின் இருப்பிடமும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. கிரியான் ஆற்றைத் தாண்டினால் ஒரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு, இன்னொரு பக்கம் பினாங்கின் நிபோங் தெபால். மூன்று மாநிலங்கள் முட்டுகிற ஊர். பெரிய நிபுணத்துவ மருத்துவமனை வேண்டுமென்றால் தைப்பிங்குக்குப் போக வேண்டும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை 100 கிலோமீட்டருக்கு மேல். வாலிபர்கள் வேலைக்குப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, நெல்வயல் கம்பங்களிலும் பழைய தோட்டங்களிலும் மிஞ்சியிருப்பவர்களில் முதியவர்களே அதிகம். 2030இல் நாட்டு மக்களில் 15 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்திருப்பார்கள் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. மூத்தோர் விகிதம் கூடிய மாநிலங்களின் வரிசையில் பேராக் முன்னால் நிற்கிறது. அறுபதைத் தாண்டியவருக்கு முதுகு நீர் எடுக்குமுன் தலைக்கு சி.டி. எடுப்பதும் பல இடங்களில் உண்டு, ஆகவே சிலரை எப்படியும் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் முதுகில் இடம் தட்டுப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எண்பது வயதுக்காரரை நள்ளிரவில் அனுப்புவதைத் தவிர்க்க முடியும்.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? முதலில் மாவட்ட மருத்துவமனைகளுக்கு எழுத்தில் ஒரு நெறி வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர், பருமனானவர், முதுகு கோணியவர், முன்பு முதுகில் அறுவை செய்தவர் ஆகியோருக்கு முதல் குத்துக்கு முன்பே ஸ்கேன் குறி கட்டாயம். ஒருவர் இரண்டு முறை குத்தியும் வராவிட்டால் கைமாற்ற வேண்டும். எத்தனை குத்து, ரத்தம் கலந்ததா, ஸ்கேன் வைத்தார்களா என்று மூன்று வரி பதிவேட்டில் ஏற வேண்டும். இந்தப் பதிவு இருந்தால் ஓராண்டில் நம் ஊர்க் கணக்கை வைத்தே பேசலாம், வெளிநாட்டு ஆய்வைச் சுட்ட வேண்டியிருக்காது.

அடுத்தது பயிற்சி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1998இலேயே கிளந்தானின் குபாங் கிரியான் வளாகத்தில் அவசர மருத்துவத்துக்கு முதுகலைப் படிப்பைத் தொடங்கிவிட்டது. அங்கும் பிறகு வந்த மற்றப் பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் இன்று நாடு முழுவதும் இருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பாரிட் புந்தாருக்குப் பக்கத்திலேயே, ஆற்றுக்கு அக்கரையில், நிபோங் தெபாலில் இருக்கிறது. பிளாஸ்டிக் முதுகெலும்பை ஜெலட்டினில் புதைத்துச் செய்யும் பயிற்சி மாதிரிகளைக் கொண்டு ஸ்கேன் பழகுவது பல நாடுகளில் வழக்கம். அத்தகைய மாதிரிகளைச் செய்துதர அந்த வளாகத்து மாணவர்களுக்கு ஒரு பருவத் திட்டப்பணி போதும். தைப்பிங்கிலிருந்தோ செபெராங் ஜெயாவிலிருந்தோ நிபுணர் ஒருவர் அவ்வப்போது வந்து சொல்லிக்கொடுத்தால், மாவட்ட மருத்துவ அதிகாரிகள் வெகு விரைவில் கைதேர்ந்துவிடுவார்கள். இதோடு ஊசியையும் மாற்றலாம். முனை கூராக வெட்டாமல் உறையின் இழைகளை விலக்கிக்கொண்டு போகும் ஊசிகள் வந்து பல காலம் ஆகிறது. 2018இல் லான்செட் ஏடு 110 சோதனைகளையும் 31,000க்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்ததில், குத்தியபின் வரும் தலைவலி 11 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுச் சொச்சமாக இறங்கியது.

ஊசியையும் கருவியையும் பற்றிப் பேசினால் மட்டும் போதாது, வீட்டாரின் பயத்தையும் பேச வேண்டும். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. தாத்தாவுக்கு முதுகில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னதும், மகன் வரட்டும், மாமாவைக் கேட்கலாம் என்று கையெழுத்து தள்ளிப்போகிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது சரியல்ல. ஐந்து முறை குத்தியதை வாசலில் நின்று கேட்டவர்கள், அலறலைக் கேட்டவர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய பயம் அது. தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போகிற இடத்தில் நரம்பிழைகள் நீரில் மிதக்கின்றன, ஊசி பட்டால் அவை பொதுவாக விலகிக்கொடுக்கும் என்பதை ஒரு படம் வரைந்து தமிழில் விளக்கினால் பாதிப் பயம் தீரும். திரையில் எலும்பையும் வழியையும் மகனுக்கே காட்டிவிட்டுக் குத்தினால் மீதியும் குறையும். தமிழ் பேசும் தாதியர் ஒருவரின் குரலில் பதிந்த இரண்டு நிமிட விளக்கம் அவசரப் பிரிவில் இருந்தால் செலவில்லாத உதவி.

ஸ்கேன் எல்லா ஆபத்தையும் நீக்கிவிடாது என்பதையும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதுகுக்குள் ரத்தம் கட்டும் அபாயம் உண்டு, அதைத் திரை பார்த்துக் குத்துவதால் மட்டும் தடுத்துவிட முடியாது. ஆகவே மூத்தவர் சாப்பிடும் மாத்திரைகளின் உறைகளையோ கிளினிக் அட்டையையோ அவசரப் பிரிவுக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும். காய்ச்சலோடு பேச்சு தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகு நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. "ஸ்கேன் வைத்து இடம் பார்த்துக் குத்துவீர்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும், அப்படிக் கேட்க நோயாளிக்கும் வீட்டாருக்கும் உரிமை இருக்கிறது.

வீட்டார் கேட்டுத்தான் இது நடக்க வேண்டும் என்ற நிலை நீடிக்கக் கூடாது. கருவி இருக்கிறது, ஆய்வு முடிவுகள் இருக்கின்றன, செலவு சில நாள் பயிற்சியும் ஒரு குறிப் பேனாவும்தான். பேராக் மாநிலச் சுகாதாரத் துறை அடுத்த ஆண்டுக்கான பயிற்சிப் பட்டியலைத் தயாரிக்கும்போது, பாரிட் புந்தார் உட்பட எல்லா மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கும் முதுகு ஸ்கேன் பயிற்சியை அதில் சேர்க்க வேண்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கான நெறியை அந்த ஆண்டிலேயே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.